ஏழைச் சிறாரும் ஏழு சுரங்களும்

சங்கீதம் வசதி படைத்தோர் வீட்டு அலங்காரம் என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் வேரூன்றி நிற்கின்றது. காலை உணவின்றிப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்குச் சுரமும் தாளமும் எதற்கு என்று வினவுவோர் பலர். முதலில் எழுத்து, பின்னர் எண், அதன் பின்னர் நேரமும் பணமும் எஞ்சினால் இசை என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. நேரமும் பணமும் எஞ்சுவதில்லை. ஆதலின் இசையும் வருவதில்லை.

சென்ற விடுமுறையிலே நாம் ஒரு சிற்றூர் ஆரம்பப் பாடசாலைக்குச் சென்றிருந்தோம். அங்கு ஆர்மோனியம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, சங்கீத ஆசிரியரும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதில்லையா என்று தலைமையாசிரியரைக் கேட்டோம். "வாத்தியம் ஒண்டும் இல்லாமல் சங்கீதம் என்னெண்டு தம்பி படிப்பிக்கிறது?" என்றார் அவர். நாமோ மிஷன் பாடசாலையிற் கற்றவர்கள். எமக்குப் பியானோ இருந்தது. பாடகர் குழு இருந்தது. வாரந்தோறும் பயிற்சியும் இருந்தது. ஆதலின் அவருக்கு மறுமொழி கூற எமக்கு வாய் எழவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மீண்ட பின்னர் நூல்நிலையத்தில் அவ்வினாவுக்கு விடை தேடினோம். இற்றைக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்மணி அதற்கு விடை கண்டிருந்தார். அவர் கண்ட வழி எவ்வாறு பரவிற்று, எங்கே தவறிற்று, எங்கே திருந்திற்று என்பதை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

நொறிச் நகரத்து ஏணி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நொறிச் நகரிலே 1786ஆம் ஆண்டிற் பிறந்தவர் சாரா குளோவர். அவர் தந்தையார் தேவாலய குருவானவர். சாரா அம்மையார் அந்நகரத்து ஏழைச் சிறுமியர் பாடசாலையொன்றில் இசை கற்பித்து வந்தார். ஐரோப்பிய இசையை ஐந்து கோடுகளின் மேலும் இடையிலும் புள்ளியிட்டு எழுதுவர் என்பது யாவரும் அறிந்ததே. அக்கோடுகளைப் படித்தறிவதற்கு நெடுங்காலப் பயிற்சி வேண்டும். சில ஆண்டுகளே கற்றுவிட்டு வேலைக்குச் செல்லும் ஏழைச் சிறுமிக்கு அக்காலம் எங்கிருந்து கிடைக்கும்?

எனவே அம்மையார் கோடுகளை நீக்கினார். டோ, ரே, மி என வழங்கிய ஏழு சுரப்பெயர்களின் முதலெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படிபோல் ஓர் அட்டவணையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார். கோலால் ஓர் எழுத்தைச் சுட்டினால் பிள்ளைகள் அச்சுரத்தைப் பாடுவர். ஏழாஞ் சுரத்தின் பழைய பெயரும் ஐந்தாஞ் சுரத்தின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்திலே தொடங்கின. மயக்கம் நேராதிருக்க ஏழாவதன் பெயரை 'டீ' என மாற்றினார். 1835ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

இம்முறையின் உயிர்நிலை எழுத்தன்று. 'டோ' எனும் சுரம் ஓரிடத்தில் நிலைத்து நில்லாமையே. பாடுவோர் குரலுக்கு இசைந்த எந்த உயரத்திலும் 'டோ'வை வைத்துக்கொள்ளலாம். மற்றைய சுரங்கள் அதிலிருந்து அளக்கப்படும். இது நமக்குப் புதியதன்று. சரளி வரிசை பயின்ற எந்தப் பிள்ளையும் ஆதார ஷட்ஜத்தைத் தன் குரலுக்கேற்ப வைத்துக்கொள்வதைக் கண்டிருக்கின்றோம். நம் நாட்டார் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் நெறியை ஒத்த ஒன்றை அவ்வம்மையார் தம் தேவைக்காகத் தாமே கண்டடைந்தார் எனலாம்.

போதகர் ஒருவரின் பணி

1841ஆம் ஆண்டில் ஹல் நகரிலே ஞாயிற்றுப் பாடசாலை ஆசிரியர்களின் மாநாடொன்று கூடியது. பிள்ளைகளுக்குப் பாடக் கற்பிக்கும் மிக எளிய வழியைக் கண்டறியுமாறு அம்மாநாடு ஜோன் கேர்வன் என்னும் இளம் போதகரைக் கேட்டுக்கொண்டது. அவருக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்தைந்து. இதில் வியப்பு யாதெனின், கேர்வன் சங்கீதப் பயிற்சி பெற்றவர் அல்லர். குளோவர் அம்மையாரின் நூலைக் கொண்டு தாமே கற்றுக்கொண்டார்; தமக்கு எங்கெங்கே கடினமாயிற்றோ அங்கங்கே முறையைத் திருத்தினார். அத்திருத்தங்கள் அம்மையாருக்கு முற்றும் உவப்பாயிருக்கவில்லை. எனினும், கற்பதன் இடர்ப்பாட்டைத் தம்மளவில் உணர்ந்த ஒருவர் திருத்தியமையாலேயே அம்முறை எளியோர்க்கு உரியதாயிற்று. 'டொனிக் சொல்பா' என அது பெயர் பெற்றது.

அதே 1841ஆம் ஆண்டில் அரசாங்கத்தாரின் ஆதரவைப் பெற்றது வேறொரு முறை. பாரிசிலிருந்து கொண்டுவரப்பட்ட அம்முறையை ஜோன் ஹலா என்பவர் லண்டன் எக்ஸெற்றர் மண்டபத்தில் ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். ஆசிரியர்கள் திரளாகக் கூடினர். அம்முறையிலே 'டோ' ஓரிடத்தில் நிலைத்தது. தொடக்கப் பாடங்கள் இனிதே நடந்தன. சுருதி மாறியவுடன் மாணாக்கர் தடுமாறினர். ஆதரவற்ற கேர்வன் முறையோ படிப்படியாக முன்னேறிற்று.

அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மலிவு. சாதாரண அச்செழுத்துகளாலேயே அதனை அச்சிடலாம். இரண்டாவது, வாத்தியம் வேண்டியதில்லை. சுவரில் ஓர் அட்டவணையும் ஆசிரியர் கையில் ஒரு கோலும் போதும். மூன்றாவது, கேர்வன் படிமுறையாகப் பரீட்சைகள் வைத்துச் சான்றிதழ் வழங்கினார். சாதாரண வகுப்பாசிரியரும் தொழிலாளரும் அச்சான்றிதழைப் பெற்றுப் பிறர்க்குக் கற்பித்தனர். 1857ஆம் ஆண்டில் லண்டன் பளிங்கு மாளிகையில் சுமார் 3,000 பேர் கொண்ட குழு இம்முறையிற் பயின்று பாடியபோது நகரமே திரண்டு சென்று கேட்டது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் புகழ்பெற்ற பாடகர் குழுக்களும் இவ்வெழுத்துகளாலேயே வளர்ந்தன.

ஆறு பென்ஸும் ஒரு சிலிங்கும்

இனி இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் கூறுதல் வேண்டும். 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கத்தார் பாடசாலை நன்கொடையைப் பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைத்தனர். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளை தேறினாற் பணம். தேறாவிடிற் பணம் இல்லை. இசைக்குப் பணம் இல்லாதபடியால் ஏழைப் பாடசாலைகள் பலவற்றில் இசை மங்கிற்று.

பின்னர் இசைக்கும் நன்கொடை வந்தது. 1882ஆம் ஆண்டின் விதிப்படி, கேட்டுப் பாடும் பிள்ளைக்கு ஆறு பென்ஸ். சுரம் படித்துப் பாடும் பிள்ளைக்கு ஒரு சிலிங், அதாவது இரு மடங்கு. இதனால் நன்மை விளைந்தது. 1891ஆம் ஆண்டளவில் ஆரம்பப் பாடசாலைகளிலே ஏறக்குறைய 25 இலட்சம் பிள்ளைகள் சொல்பா முறையிற் பயின்றனர் என்பர். தீமையும் உடன் வந்தது. பரிசோதகர் வருவதற்கு முன் சுரப்பயிற்சியை இயந்திரம்போல் உருப்போடுவித்த ஆசிரியர்களும் இருந்தனர். பாட்டு மறைந்து பயிற்சி மட்டும் எஞ்சிய வகுப்பிலே பிள்ளைக்கு இன்பம் ஏது? இசையை வெறும் பரீட்சைப் பொருளாக்கினால் அதன் சாரம் போய்விடும் என்பதற்கு இது சான்று.

கடல் கடந்த எழுத்து

மிஷனரிமார் சென்ற இடமெல்லாம் இவ்வெழுத்துகளும் சென்றன. தென்னாபிரிக்க மிஷன் பாடசாலைகளிலே கறுப்பின மாணாக்கர் இவற்றைக் கற்றனர். அவ்வாறு கற்று ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு அணித்தாயிருந்த மெதடிஸ்த மிஷன் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்தவர் ஈனொக் சொன்ரொங்கா. அவர் 1897ஆம் ஆண்டில் தம் தாய்மொழியான கோசா மொழியிலே ஒரு பாடலை இயற்றி, சொல்பா எழுத்துகளில் இசையமைத்தார். ஆபிரிக்காவை ஆசீர்வதிக்குமாறு இறைவனை வேண்டும் அப்பாடல், 1912ஆம் ஆண்டிலே பின்னாளில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் முதற் கூட்டத்திற் பாடப்பட்டது. நிறவெறி ஆட்சிக்காலம் முழுவதும் ஒடுக்கப்பட்ட மக்களின் கீதமாக ஒலித்தது. அவ்வாட்சி 1994இல் ஒழிந்த பின்னர் நாட்டின் தேசிய கீதங்களுள் ஒன்றாயிற்று. 1997 முதல் இன்றைய தேசிய கீதத்தின் முதற் பகுதியாகத் திகழ்கின்றது.

சொன்ரொங்கா 1905ஆம் ஆண்டில் இளவயதிலேயே காலமானார். அவர் கல்லறை எங்குளது என்பதும் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1996ஆம் ஆண்டிலேதான் அது தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏழைச் சிறுமியருக்கென நொறிச் நகரில் எழுதப்பட்ட ஏணியின் வழி ஒரு மக்களினத்தின் குரல் மேலேறிற்று என்று எண்ணும்போது எம் நெஞ்சம் உருகுகின்றது.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. மிஷனரிமாருட் பலர் சுதேச மக்களின் ஆடலையும் பாடலையும் இழிவாகக் கருதினர். எழுத்தைக் கொடுத்த கையே பாட்டைப் பறித்தது. எம் நிலையும் இதற்கு முற்றிலும் வேறன்று. நாலு குரலில் இசைந்து பாடும் ஆங்கிலக் கீதங்கள் எமக்கு மனப்பாடம். எம் பாட்டியார் பாடிய ஊஞ்சற் பாட்டின் மெட்டைப் பாடச் சொன்னால் இடையிலே நின்றுவிடுவோம். இதனைக் குறைகூறும் நோக்குடன் எழுதவில்லை. பாடசாலை எமக்குத் தந்தது பெரிது. தராததை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும் என்பதே எம் கருத்து.

தாய்மொழிப் பாட்டு

இக்குறையை நீக்கும் வழியைக் காட்டியவர் ஹங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்ரான் கொடாய். அவர் 1882ஆம் ஆண்டிற் பிறந்து 1967இல் மறைந்தார். இளமையிலே தம் நண்பர் பார்ட்டொக்குடன் கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர் பாட்டுகளைத் திரட்டினார். பிள்ளை முதலிற் பாட வேண்டியது தன் தாய்மொழி நாட்டுப்பாடலையே என்பது அவர் கொள்கை. அதனைப் படிக்கும் எழுத்துக்கு அவர் நாடியதோ இங்கிலாந்தில் தாம் கண்ட இடம் பெயரும் 'டோ'வையே. சுரத்தைக் கையாற் காட்டும் கேர்வனின் சைகைகளையும் ஏற்றுக்கொண்டார்.

1950ஆம் ஆண்டில் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டிலே முதலாவது இசை ஆரம்பப் பாடசாலை திறக்கப்பட்டது. அங்கே இசை அன்றாடப் பாடமாயிற்று. வாத்தியத்துக்கு முன் குரல் என்பது அங்கு விதி. ஏனெனில் குரல் ஏழைக்கும் உண்டு. அத்தகைய பாடசாலைகள் பின்னர் நூற்றுக்கு மேல் எழுந்தன. நாட்டார் இசை மரபைப் பேணும் நற்செயல்முறையென 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கொடாயின் நெறியைத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இசை கற்றாற் கணக்கிலே புள்ளி கூடும் என்று சிலர் வாதிப்பர். நாம் அவ்வளவு விரைந்து கூறோம். மோஸார்ட்டின் இசையைக் கேட்டாற் புத்தி வளரும் என்று 1993ஆம் ஆண்டிலே ஒரு செய்தி பரவிற்று. அச்சோதனை நடத்தப்பட்டது கல்லூரி மாணாக்கரிடம், பயன் நின்றதும் பத்துப் பதினைந்து நிமிடமே. இசையின் பயனுக்கு இத்தகைய சாட்சி வேண்டியதில்லை. கூடிப் பாடும் பிள்ளை தன் குரலோடு அயலவன் குரலையும் கேட்கப் பழகுகின்றது. மூச்சையும் சொல்லையும் அளந்து விடக் கற்கின்றது. வாசிப்பிலே பின்தங்கிய பிள்ளையும் சுருதி பிசகாமற் பாடினால் வகுப்பிலே அதற்கு ஓர் இடம் கிடைக்கின்றது. அந்த ஓரிடம் ஏழைப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிது என்பதை ஆசிரியராயிருந்தோர் அறிவர்.

நமது கடன்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இதுவே. ஏழைப் பாடசாலையில் இசை வளர்ந்தது வாத்தியம் வந்தபோதன்று. எழுத்து எளிதாகி, சாதாரண ஆசிரியர் கற்பிக்கத் துணிந்தபோதே வளர்ந்தது. பரீட்சைக்காக மட்டும் கற்பித்தபோது வாடிற்று. தாய்மொழிப் பாட்டோடு சேர்ந்தபோது வேர்கொண்டது.

நாம் டோ, ரே, மி என்று தொடங்க வேண்டியதில்லை. ச, ரி, க, ம எனும் எழுத்துகள் நம்மிடம் உள. கரும்பலகை உளது. தாலாட்டும் ஊஞ்சற் பாட்டும் அருவிவெட்டுப் பாட்டும், மட்டக்களப்பு வசந்தன் பாட்டும் உள. இல்லாதது ஒன்றே: தம்மாலும் கற்பிக்க முடியும் என்னும் துணிவு. சங்கீதப் பயிற்சியற்ற கேர்வன் தாம் கற்றுப் பிறர்க்குக் கற்பித்தார் எனின், நம் வகுப்பாசிரியரால் ஏன் முடியாது? பல்கலைக்கழகத்திலே பயிலும் நம்மால் ஏன் முடியாது?

அடுத்த விடுமுறையில் நாம் மீண்டும் அச்சிற்றூர்ப் பாடசாலைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். ஒரு தடித்த தாளில் ஏழு சுரங்களை ஏணிபோல் எழுதிக்கொண்டு செல்வோம். முதலில் எமக்கு ஊஞ்சற் பாட்டைச் சொல்லித்தருமாறு அவ்வூர்த் தாய்மாரைக் கேட்போம். பின்னர் அதனையே பிள்ளைகளுடன் சுரமிட்டுப் பாடுவோம். எம் குரல் சிறப்புடையதன்று. ஆயினும் தலைமையாசிரியர் ஐயா அன்று கேட்ட வினாவுக்கு மறுமொழி கூறாதிருத்தல் இனி எமக்கு அழகன்று. சங்க அன்பர்களுள் எம்முடன் வர விரும்புவோர் வருக. வாத்தியம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை.