மலை ஊரானது எப்படி?



பேராக்கில் வாழும் நமக்கு இரண்டு குளிர்மலைகள் அருகிலேயே இருக்கின்றன. ஒன்று தைப்பிங் நகரை ஒட்டிய புக்கிட் லாருட். மற்றொன்று தாப்பாவிலிருந்து ஏறிச் செல்லும் கேமரன் மலை. முன்னது தனி மலையாகவே நின்றுவிட்டது. பின்னது ஊராக வளர்ந்தது. இந்த வேற்றுமை எப்படி வந்தது என்பதை இன்று பார்ப்போம்.

வயதில் மூத்தது புக்கிட் லாருட்தான். சமவெளியின் வெக்கை தாங்காத ஆங்கில அதிகாரிகள் ஓய்வு கொள்வதற்காக, 1884ஆம் ஆண்டில் அது உருவாயிற்று. அதிகாரி வில்லியம் எட்வர்டு மேக்ஸ்வெல்லின் பெயரால் மேக்ஸ்வெல் மலை என்று அழைக்கப்பட்டது. 1979இல் இன்றைய பெயர் பெற்றது. ஆயிரம் மீட்டருக்கும் மேலே பங்களாக்கள் எழுந்தன. தேயிலையும் நட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. செங்குத்தான அந்தச் சரிவில் குடியிருப்புக்கும் இடமில்லை. வந்தவர்கள் இளைப்பாறினார்கள், இறங்கிப் போனார்கள்.

கேமரன் மலையின் கதை வேறு. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன், பேராக்–பகாங் எல்லைக் காடுகளில் அந்த மேட்டுநிலத்தைக் கண்டார். அவர் கண்டார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால், அவருக்கு நெடுங்காலம் முன்பே செமாய் பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள்.

பிறகு நாற்பதாண்டுகள் அந்த மலை பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1926இல் தாப்பாவிலிருந்து சாலை போடத் தொடங்கினார்கள். மலை பகாங்கில் இருந்தாலும், அதற்கு வாசல் திறந்தது நம் பேராக்கில்தான். சாலை போய்ச் சேர்ந்த இடம் தானா ராத்தா. மலாய் மொழியில் சமநிலம் என்று பொருள். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் வீடு கட்டவும் கடை போடவும் தோதான நிலம் அது.

நிலம் மட்டும் போதுமா? 1929இல் ஜே. ஏ. ரஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே காலத்தில்தான் உலகப் பொருளாதார மந்தம் வந்து, ரப்பர் விலை சரிந்தது. பால்மரக் காடுகளில் வேலையிழந்த நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கீழே லயங்கள் காலியாகிக்கொண்டிருந்த அந்நாளில், மேலே காடு திருத்தித் தேயிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேயிலை ஒருநாள் வேலையன்று. நம் நாட்டு மழையில் ஆண்டு முழுவதும் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். கொழுந்து கிள்ளும் கை அங்கேயே தங்கியாக வேண்டும். கை தங்கினால் குடும்பம் தங்கும். குடும்பம் தங்கினால் கோயிலும் பள்ளிக்கூடமும் வரும். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தது இப்படித்தான். சீனக் காய்கறி விவசாயிகளும் வந்து சேர, மலை ஊராயிற்று.

இன்று அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மலைக்கு மேக்ஸ்வெல் என்றும், மற்றொன்றுக்குக் கேமரன் என்றும் பெயர் வைத்தார்கள். ஊரை உண்டாக்கிய கைகளுக்கு அங்கே பெயர்ப்பலகை இல்லை. உங்கள் வீட்டில் மலைத்தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இன்றிரவே அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்ப்பலகையை நாம்தான் எழுத வேண்டும்.