மரத்துள் மறைந்த ஆந்தை

விளையாட்டு சிறுவர்க்கே உரியது. வயது வந்தோர்க்கு அது பொழுதைப் பாழாக்கும் செயல் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் ஆடுபுலி ஆட்டத்திற்குரிய கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அவை குழந்தைகளுக்காக மட்டும் செதுக்கப்பட்டவை என்று கொள்வதற்கில்லை.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்தின் படிப்பகத்திற்கு மூத்த அன்பர் ஒருவர் ஒரு பெட்டியுடன் வந்தார். துணைவியாரை இழந்து தனியே வாழ்பவர் அவர். பெட்டி, அயல்நாட்டிலுள்ள மகள் அனுப்பிய பரிசு. அதனுள் இருநூறு மரத்துண்டுகள் இருந்தன. அவற்றை முறையாகப் பொருத்தினால் ஓர் ஆந்தை உருவாகுமாம். “சிறுபிள்ளை விளையாட்டை எனக்கா அனுப்புவது?” என்று அவர் மனம் வருந்தினார். “அதிலும் ஆந்தை! இதை வீட்டில் வைக்கலாமா?” என்றார் அருகிருந்தவர். இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

‘ஜிக்சா’ என்பது மேலும் கீழும் விரைந்து அசையும் மெல்லிய ரம்பத்தின் பெயர். அதனால் அறுக்கப்பட்ட புதிருக்கும் அப்பெயரே பிற்காலத்தில் நிலைத்தது. ஆனால் புதிரோ அப்பெயரினும் பழையது. 1760களில் லண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் செப்புத்தகட்டுச் சிற்பி வாழ்ந்தார். தேசப்படங்களை மெல்லிய மகாகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டை ஒட்டியே அறுத்து, துண்டுகளைப் பெட்டியிலிட்டு விற்றார். சிறுவர்கள் அவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் பூகோளம் கற்றனர். உலகம், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா முதலாகப் பல படங்களை அவர் வெளியிட்டார். 1769ஆம் ஆண்டில், முப்பது வயதளவிலேயே, அவர் மறைந்தார். அவர் தொடங்கிய தொழில் மறையவில்லை.

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மக்களும் இத்தகைய துண்டுப்படங்களைக் கொண்டே பாடம் பயின்றனர். அவர்களை வளர்க்கும் பொறுப்பு ஷார்லட் ஃபிஞ்ச் என்னும் சீமாட்டியிடம் இருந்தது. மக்கள் துண்டுகளைச் சேர்க்கக் கற்ற காலத்தையொட்டியே, தந்தையின் பேரரசிலிருந்து அமெரிக்கா என்னும் பெருந்துண்டு கழன்று வீழ்ந்தது. 1776இல் விடுதலை முழக்கம் எழுந்தது; 1783இல் உடன்படிக்கை முடிந்தது. வரலாற்றின் விளையாட்டு என்பது இதுவன்றோ!

இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் பிள்ளைகளின் பாடப்பொருளாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெரியவர்கள் இதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1908ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இப்புதிர் மீது பெரும் மோகம் பரவிற்று. பார்க்கர் சகோதரர் நிறுவனம் 1909இல் தன் மற்ற விளையாட்டுப் பொருள்களை நிறுத்திவிட்டு, தொழிற்சாலை முழுவதையும் மரப்புதிர் செய்வதற்கே ஒதுக்கியது. அக்காலத்துப் புதிர் எளிதன்று. பெட்டியின் மேல் படம் இராது. நிறம் மாறும் இடத்திலேயே அறுத்திருப்பார்கள். ஆதலால் அடுத்த துண்டு எது என்று நிறம் காட்டிக் கொடாது. பல புதிர்களில் துண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவும் மாட்டா. ஒரு தும்மல் போதும், மாலை முழுதும் செய்த வேலை கலைந்துவிடும். ஐந்நூறு துண்டுகள் கொண்ட மரப்புதிரின் விலை 5 டாலர். சாதாரணத் தொழிலாளியின் மாத வருவாயோ 50 டாலர் அளவே. எனவே அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்காகவே இருந்தது.

அதனை ஏழையின் கைக்குக் கொண்டுவந்தது ஒரு துன்பகாலம். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் வேலையிழந்தனர். அச்சுக்கட்டையால் வெட்டிய அட்டைப்புதிர் மலிவாக வந்தது. 1933இன் தொடக்கத்தில் வாரந்தோறும் ஒரு கோடி புதிர்கள் விற்றன என்பர். மரப்புதிரை நூலகங்களும் மருந்துக்கடைகளும் சில காசுகளுக்கு வாடகைக்கு விட்டன. வேலையிழந்த தச்சரும் பிறரும் வீட்டிலேயே புதிர் அறுத்து விற்றுப் பிழைத்தனர். கையில் வேலையின்றி மனம் சோர்ந்திருந்தவனுக்கு, ‘இத்துண்டு இங்கே பொருந்துகிறது; இதனை நான் முடித்தேன்’ என்னும் நிறைவை அது அளித்தது. அந்நாளில் அது சிறிய நிறைவன்று.

இரயில்வே ஊழியர் பலர் கூடும் சங்கம் நமது. ஆகையால் மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே, 1924 முதல் 1939 வரை தன் விளம்பரத்திற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட மரப்புதிர்களை வெளியிட்டது. ‘கேர்ஃபிலி காசில்’ என்னும் புகழ்பெற்ற எஞ்சினின் படமே அவற்றுள் முதலாவது.

இனி ஆந்தைக்கு வருவோம். நம் நாட்டில் அதன் அலறலைத் தீநிமித்தம் என்று அஞ்சுவர். கிரேக்கரோ அதனை அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவையாகப் போற்றி, ஏதென்சு நகரின் வெள்ளிக்காசில் பொறித்தனர். அவ்வளவு தொலைவு செல்வானேன்? நாம் பிழைக்க வந்திருக்கும் இவ்வங்க நாட்டில் திருமகளின் ஊர்தியே ஆந்தைதான். ஐப்பசித் திங்களை ஒட்டிவரும் முழுநிலா நாளில் நம் அண்டை வீட்டார் அவளை ஆந்தையோடு சேர்த்தே வணங்குகின்றனர். திருவள்ளுவரும் காலமறிதலைக் கூறப் புகுந்தபோது, கூகை பகலில் காக்கைக்குத் தோற்கும் என்றாரேயன்றி, அதனைத் தீயதென்று கூறவில்லை.

புதிர் செய்வோர் ஆந்தையை விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் இறகெல்லாம் ஒரே பழுப்பு. ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் வேற்றுமை காண்பது அரிது. நம்மிடம் வந்த புதிரின் விளிம்பும் நேர்க்கோடன்று. ஆந்தையின் உருவமே விளிம்பு. ஆதலால் மூலையிலிருந்து தொடங்கவும் வழியில்லை. இக்காலத்தில் இத்தகையவற்றை லேசர் ஒளிக்கற்றையால் அறுக்கின்றனர். துண்டுகளிற் சில இலையாகவும் பிறையாகவும் எலியாகவும் அமைந்திருந்தன.

மாலைதோறும் நால்வர் ஐவர் மேசையைச் சூழ்ந்தோம். மூத்த அன்பர் முதலில் நாற்காலியைத் தள்ளிப்போட்டு அமர்ந்திருந்தார். மூன்றாம் நாள் மேசையருகே வந்தார். ஐந்தாம் நாள் எங்களுக்கு வழி கூறலானார். பதினோராம் நாள் ஆந்தை நிறைவுற்றது, ஒரு கண்ணைத் தவிர. மேசையடியிலும் குப்பைக்கூடையிலும் தேடினோம், கிடைக்கவில்லை. மறுநாள் மாலை அன்பர் தம் சட்டைப்பையிலிருந்து அத்துண்டை எடுத்து வைத்தார். “முடிந்துவிட்டால் நாளை யார் வரப்போகிறீர்கள் என்று நினைத்தேன்” என்றார். ஒருவரும் நகைக்கவில்லை.

கண்ணைப் பொருத்தினோம். சிறிது நேரம் பார்த்திருந்தோம். பின்பு அவரே துண்டுகளைக் கலைத்துப் பெட்டியிலிட்டு, “நாளை மறுபடியும் தொடங்கலாம்” என்றார். பெட்டி இப்போது படிப்பக அலமாரியில் இருக்கின்றது. மாலை ஆறு மணிக்கு மேல் அவரும் அங்கேதான் இருப்பார். அன்பர்கள் வருக!