காரில் பிறந்த பேனா

இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப், ஃபிக்மா என எதைத் திறந்தாலும் கீபோர்டில் ‘பி’ தட்டினால் பென் டூல் கையில் வந்துவிடும். ஓரிடத்தில் கிளிக் செய்தால் ஒரு புள்ளி விழும். இன்னோரிடத்தில் அழுத்தி, விரலை எடுக்காமல் இழுத்தால் அந்தப் புள்ளியின் இரு பக்கமும் இரண்டு கைப்பிடிகள் நீளும். நடுவிலுள்ள கோடு வளையும். முதல் தடவை பிடிக்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். வளைவு வேண்டியது ஓரிடத்தில், இழுக்க வேண்டியது வேறோரிடத்தில். பேனா என்று பெயர் வைத்துவிட்டு இப்படிப் படுத்துகிறதே என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. எழுதுவதற்கென்று பிறந்த கருவி இல்லை இது. கார் பாடியைச் செதுக்கப் பிறந்தது.

1950களின் கடைசி. கார் வடிவமைப்பாளர் தாளில் வரைவார். அதைப் பார்த்து மாதிரி செய்வார்கள். மாதிரியை அளந்து அச்சுகள் செய்வார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் வளைவு கொஞ்சம் நகரும். எண்களைச் சொன்னால் உலோகத்தை வெட்டித் தரும் எந்திரங்கள் அப்போதுதான் ஆலைகளுக்குள் வந்துகொண்டிருந்தன. நேர்க்கோட்டையும் வட்ட வில்லையும் அவற்றுக்குச் சொல்லிவிடலாம். சக்கரத்துக்கு மேல் எழுந்து கதவை நோக்கித் தாழ்கிற தகட்டின் வளைவை எந்த எண்ணால் சொல்வது?

கப்பல் பட்டறைகளில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, ஈயக் கட்டிகளால் அங்கங்கே அமுக்கிப் பிடிப்பார்கள். சட்டம் தானாக வழவழப்பாக வளையும். அங்கே கட்டிகள் கோட்டின் மேலேயே இருக்கும். பிரான்சின் சிட்ரோயன் கம்பெனியில் 1958இல் சேர்ந்த பால் டி காஸ்டெல்ஷோ என்ற கணிதக்காரர், கட்டிகளைக் கோட்டுக்கு வெளியே தூக்கி வைத்தார்.

அவர் முறையைத் தாளில் போட்டுப் பார்க்க ஒரு ஸ்கேல் போதும். நான்கு புள்ளிகளை வைத்து வரிசையாக இணையுங்கள். மூன்று கோடுகள் கிடைக்கும். மூன்றின் நடுப்புள்ளிகளையும் குறித்து அவற்றை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி, வளைவின் மேல் உள்ள ஒரு புள்ளி. பாதிக்குப் பதில் கால் பங்கு, முக்கால் பங்கு என்று எடுத்தால் வளைவின் மற்ற புள்ளிகள் வரும். முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் கோட்டின் மேல் இருக்கும். நடுவிலுள்ள இரண்டும் வெளியே நின்றபடி கோட்டைத் தங்கள் பக்கம் இழுக்கும். பென் டூலின் கைப்பிடி நுனிகள் இந்த இரண்டும்தான். கூட்டலும் வகுத்தலும் தவிர வேறு கணக்கே இதில் கிடையாது. இவ்வளவு பெரிய சிக்கலுக்கு இவ்வளவு சின்ன விடையா என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

1959இல் டி காஸ்டெல்ஷோ இதை எழுதிக் கொடுத்தார். கம்பெனி அதை வெளியே விடாமல் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்துக்கொண்டது.

போட்டிக் கம்பெனி ரெனோ. பின்னாளில் நம் ஒரகடத்தில் கார் செய்ய வந்த அதே ரெனோதான். அங்கே 1933 முதல் வேலை பார்த்த பொறியாளர் பியர் பெசியர், 1960களில் வேறொரு கணக்கு வழியாக அதே வளைவுக்கு வந்து சேர்ந்தார். அவர் கம்பெனி வாயைப் பூட்டவில்லை. கட்டுரைகள் வெளிவந்தன, யூனிசர்ஃப் என்ற வடிவமைப்பு முறையாகவும் அது வளர்ந்தது. உள்ளே இருந்த சூத்திரம் செர்கே பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் 1912இலேயே வேறொரு தேற்றத்துக்காக எழுதி வைத்தது. ஆனால் வளைவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பெசியர். பூட்டி வைத்தவருக்குப் பெயர் கிடைப்பதில்லை. இங்கே பூட்டியது டி காஸ்டெல்ஷோவின் கையும் அல்ல. 2012இல் டி காஸ்டெல்ஷோவுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். விருதின் பெயர், பியர் பெசியர் விருது.

காரிலிருந்து காகிதத்துக்கு இந்த வளைவைக் கூட்டி வந்தது அடோபி. ஜான் வார்னாக், சக் கெஷ்கி இருவரும் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி 1982இல் தொடங்கிய கம்பெனி அது. பிரிண்டருக்குப் பக்கத்தை விவரித்துச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியை அவர்கள் உருவாக்கினார்கள். அதில் கோடு போடும் கட்டளைகள் எளிமையானவை: இங்கே போ, இதுவரை நேராகப் போ, இதுவரை வளைந்து போ, தொடங்கிய இடத்தில் மூடு. ‘வளைந்து போ’ என்பதற்குள் இருந்தது பெசியர் வளைவு.

இந்தக் கட்டளைகளின் அமைப்பில்தான் பென் டூலின் தலையெழுத்து இருந்தது. பிரிண்டருக்கு வேண்டியது ஓர் எல்லைக்கோடு. அதைச் சுற்றி வந்து உள்ளே மையை நிரப்பினால் அதன் வேலை முடிந்தது. ஆகவே ஒரு கோடு என்பது சங்கிலி. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் ஒரு கண்ணி, பின்னால் ஒரு கண்ணி. மூன்றாவதுக்கு இடமில்லை.

1987இல் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. வார்னாக்கின் மனைவி மார்வா கிராஃபிக் டிசைனர். அவரைப் போன்றவர்கள் கட்டளை எழுதாமல் கையால் போஸ்ட்ஸ்கிரிப்ட் வரைய ஒரு வழி தேவைப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே ஃபான்டோகிராஃபர் என்ற எழுத்துரு மென்பொருள் மேக்கில் பெசியர் வளைவுகளைக் காட்டியிருந்தது. ஆனாலும் புள்ளி, இழுத்தால் கைப்பிடி என்ற பழக்கத்தைத் தொழில் முழுக்கப் பரப்பியது இல்லஸ்ட்ரேட்டரின் பேனாதான். சும்மா சொல்லக் கூடாது, அருமையான வேலை. பிரிண்டருக்கு எழுத வேண்டிய எண்களை விரல் அசைவாக மாற்றிவிட்டார்கள். கூடவே பிரிண்டரின் சங்கிலி விதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அது பிரிண்டருடையது என்பதே பிறகு யாருக்கும் நினைவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம், ஏனென்றால் பேனா அதிகம் மாறவில்லை. 1991இல் ஃபோட்டோஷாப்புக்குள் நுழைந்தது. நம் ஊரில் கல்யாண பேனருக்காக மாப்பிள்ளை படத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும் டிசைனர், தோள்பட்டையை ஒட்டிப் புள்ளி வைத்துக்கொண்டே போவது இதே கருவியால்தான். 2014இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் ‘கர்வேச்சர் டூல்’ ஒன்றைச் சேர்த்தது. அதில் கைப்பிடியை மறந்துவிட்டுப் புள்ளிகளைக் கோட்டின் மேலேயே வைக்கலாம். கப்பல் பட்டறைக் கட்டிகள் திரும்பி வந்துவிட்டன என்றே சொல்லலாம். சங்கிலி மட்டும் அப்படியே இருந்தது.

(பென் டூல் பிரியர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த வளைவால் சரியான வட்டம் போடவே முடியாது. திரையில் வட்டமாகத் தெரிவது நான்கு துண்டுகள். ஆரத்தில் சுமார் 0.5523 பங்கு நீளத்துக்குக் கைப்பிடி வைத்தால் பிழை 0.03 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கண்ணுக்கு அது போதும்.)

பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012இல் தொடங்கி, 2016இல் ஃபிக்மாவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிரவுசரில் ஓடும், பலர் ஒரே கோப்பில் சேர்ந்து வேலை செய்யலாம் என்பதுதான் பரவலாகப் பேசப்பட்டது. உள்ளே அவர்கள் செய்த இன்னொரு வேலை பேச்சில் அவ்வளவாக அடிபடவில்லை. பேனாவின் சங்கிலியை அறுத்தார்கள்.

ஆப்களில் டெலிவரிக்கு வருகிற அட்டைப்பெட்டி ஐகானை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முகங்கள் தெரியும் பெட்டி. ஏழு மூலை, ஒன்பது விளிம்பு. அதில் நான்கு மூலைகளில் மும்மூன்று விளிம்புகள் சந்திக்கின்றன. கையெடுக்காமல் சிக்குக்கோலம் போடுவதுபோல இதை ஒரே இழுப்பில் போட முடியாது. எங்காவது கையை எடுத்தே ஆக வேண்டும். பழைய பேனாவில் இதை இரண்டு மூன்று சங்கிலிகளாக வரைந்து, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி அடுக்க வேண்டும். அடுக்கியபின் மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரு சங்கிலி மட்டும் வரும், மற்றது அங்கேயே கிடக்கும். ஐகான் வரைகிறவர்கள் இதைத் தொழிலின் இயல்பு என்றே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஃபிக்மாவின் ‘வெக்டர் நெட்வொர்க்’கில், அதாவது கோடுகளின் வலையில், ஒரு புள்ளியிலிருந்து எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் கிளம்பலாம். மூலையை இழுத்தால் மூன்று விளிம்பும் சேர்ந்து வரும். கேட்க எளிது. ஆனால் அந்த ஒரு விதியைத் தொட்டதும் பேனாவின் ஒவ்வொரு பழக்கமும் கேள்விக்குள்ளானது. சங்கிலியில் புள்ளிக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றை இழுத்தால் எதிர்ப்பக்கம் மற்றது திரும்பும். மூன்று கோடு வந்தால் எதற்கு எது எதிர்ப்பக்கம்? ஃபிக்மாவின் தரவு அமைப்பில் கைப்பிடி புள்ளியின் சொத்தாக இல்லை. ஒவ்வொரு கோட்டுத் துண்டும் தன் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று எனத் தானே வைத்துக்கொள்கிறது. வண்ணம் நிரப்புவதிலும் இதே கதை. சங்கிலி எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை வைத்து ஓட்டையைத் தீர்மானிப்பது பழைய வழக்கம். வலைக்கு ஏது திசை? ஆகவே கோடுகளால் சூழப்பட்ட பகுதி தனிப் பொருளாகிவிட்டது. வேண்டிய பகுதியில் கிளிக் செய்து நிரப்பலாம், வேண்டாததைக் காலியாக விடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அழிக்கும் கட்டளை. சங்கிலியில் ஒரு புள்ளியை நீக்கினால் அக்கம்பக்கத்து இரண்டையும் இணைத்துவிடலாம். வேறு பேச்சுக்கு இடமில்லை. வலையில் அப்படி ஊகிக்க முடியாது. அதனால் இரண்டு கட்டளைகள்: வெறும் டிலீட் அடித்தால் புள்ளியோடு அதன் கோடுகளும் போகும், ஷிஃப்டோடு சேர்த்து அடித்தால் புள்ளி போய், விட்ட இடம் இணைக்கப்படும். ஒரு புது வசதியை வடிவமைப்பது என்றால் புது பட்டன் வரைவது என்று நினைப்பவர்கள் இந்த ஷிஃப்ட் கீயைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். மெனுவில் ஒரே ஒரு வரி. அதை எழுத வைத்தது, புள்ளி என்றால் என்ன என்ற கேள்வி.

பேனா இப்போது சங்கிலியிலிருந்து முழுக்க விடுபட்டுவிட்டதா? ஃபிக்மாவுக்குள் இருக்கும்வரை, ஆமாம். வரைந்த ஐகானை டெவலப்பருக்கு எஸ்விஜியாக எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 2001இல் இணையத்துக்கான தரமாக ஏற்கப்பட்ட வடிவம் அது. கட்டளைகளோ 1980களின் பிரிண்டர் பேசிய அதே பாஷை. எம் என்றால் இங்கே போ, எல் என்றால் நேராகப் போ, சி என்றால் வளைந்து போ, இசட் என்றால் மூடு. ‘இந்த மூன்று கோடுகளுக்கும் இது பொதுவான மூலை’ என்று சொல்ல அதில் வழி கிடையாது. பெட்டியின் வலை மறுபடியும் சங்கிலிகளாகப் பிரிகிறது. ஒரே மூலையின் எண்கள் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதப்பட்டிருக்கும்.