காவிரிப் படுகையில் நெற்பருவத் தேர்வின் வரலாறு

காவிரிப் படுகை உழவர்கள் ஆண்டுதோறும் குறுவை, தாளடி என இரு போகம் நெல் பயிரிடுவதா, சம்பா என்னும் ஒரு போகத்தோடு நிற்பதா என எடுக்கும் முடிவு, அப்பகுதியின் வேளாண் பொருளாதார வரலாற்றில் முதன்மையான இடம் பெறுகிறது. ஆற்றுநீர், மழை, நெல் வகை, கூலி, குத்தகை, விலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே இம்முடிவைத் தீர்மானித்து வந்துள்ளன.

பருவங்களும் கணக்கும்

குறுவை ஜூன், ஜூலை மாதங்களில் தொடங்கி ஏறத்தாழ 105 முதல் 120 நாட்களில் அறுவடைக்கு வரும். குறுவை அறுத்த வயலை உழுது நடப்படும் இரண்டாம் பயிர் தாளடி எனப்படும். சம்பா ஆகஸ்ட் மாதத்தை ஒட்டித் தொடங்கித் தை மாத அளவில் அறுக்கப்படும் நீண்டகாலப் பயிராகும்.

இரு போகம் செய்தால் இரு மடங்கு ஆதாயம் என்று கொள்ள இயலாது. உழவு, நாற்றுப் பறி, நடவு, களை, அறுவடை ஆகிய செலவுகள் இருமுறை வரும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும். மழை முந்தினால் கதிர் சாய்ந்து நெல் முளைத்துவிடும். குறுவை அறுவடை தாமதித்தால் தாளடி நடவும் தள்ளிப்போய், இளம்பயிர் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மூழ்கும். சம்பாவில் விளைச்சல் ஒருமுறைதான் என்றாலும் இந்த இடர் குறைவு. நீண்ட வைக்கோலும் கிடைக்கும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் இருந்தது. குறுவை விதையுடன் ஒட்டடான் என்னும் நீண்டகால நெல்லைக் கலந்து விதைப்பர். குறுவையை அறுத்தபின் ஒட்டடான் மீண்டும் தழைத்துச் சம்பாக் காலத்தில் விளையும். இரண்டாம் உழவும் நடவும் மிச்சமாயின. வடிகால் குறைந்த வயல்களுக்கு இம்முறை பொருந்தியது.

மேட்டூர் அணை

மேட்டூர் அணைக்கு முன்பு, குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆற்றில் எப்போது வெள்ளமாக வரும் என்பதை நம்பியே குறுவை தொடங்கப்பட்டது. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924இல் ஒப்பந்தம் செய்துகொண்டபின், 1925இல் பணி தொடங்கி 1934இல் அணை நிறைவுற்றது. இதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 அணை திறக்கும் நாளாகவும் ஜனவரி 28 மூடும் நாளாகவும் வழக்கமாயின. நாள் தெரிந்ததால் நாற்றங்கால் விடவும் கடன் வாங்கவும் ஆள் பேசவும் உழவரால் முன்கூட்டியே திட்டமிட முடிந்தது.

ஆடுதுறை 27

1960ஆம் ஆண்டை ஒட்டித் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் முதல் மாவட்டங்களுள் ஒன்றாகத் தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1966இல் ஆடுதுறை 27 வெளிவந்தது. ஜப்பானிய நோரின் 10 வகையையும் ஜி.இ.பி. 24 வகையையும் இணைத்து உருவாக்கப்பட்ட இக்குறுகியகால நெல், உரத்துக்கு ஏற்ப விளைச்சல் தந்தது. இதனால் குறுவையின் வருவாய் உயர, இரு போகத்தின் பக்கம் கணக்குச் சாய்ந்தது.

ஆனால் முதலீட்டுச் செலவும் உயர்ந்தது. சொந்த நிலத்தில் உரமிட்டவருக்குக் கூடுதல் விளைச்சல் முழுவதும் கிடைத்தது. விளைச்சலில் பங்காக வாரம் கொடுத்த குத்தகையாளரோ, செலவைத் தாமே ஏற்றுக் கூடுதல் நெல்லில் ஒரு பகுதியை நிலவுடைமையாளருக்கு அளக்க வேண்டியிருந்தது. உரத்தின் அளவில் அவர் கைபிடித்ததற்கு அறியாமை காரணமன்று. இந்தப் பங்கீடே காரணம்.

உழைத்தவரின் கூலி விளைச்சலுக்கு ஈடாக உயரவில்லை. அறுவடைக் கூலியை உயர்த்தக் கோரிய போராட்டங்களின் பின்னணியில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

நீர்ப் பற்றாக்குறைக் காலம்

பின்னாளில் காவிரி நீர்ப் பங்கீட்டுச் சிக்கலால் ஜூன் 12 உறுதியான நாளாக இல்லாது போயிற்று. 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் பாசனத்துக்கான திறப்பு செப்டம்பர், அக்டோபர் வரை தள்ளிப்போனது. நிலத்தடி நீர் நன்றாக உள்ள இடங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் குறுவை நடந்தது. உப்புநீர் கலந்த கடைமடைப் பகுதிகளில் அதுவும் இயலவில்லை. அங்குள்ளோர் நாற்று நடவைக் கைவிட்டு, காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாகச் சம்பாவை விதைத்து மழைக்குக் காத்திருந்தனர். இதனால் நடவுச் செலவு குறைந்தது. களைச் செலவு கூடியது.

சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. உழவும் பாசனமும் இன்றி மண்ணின் எஞ்சிய ஈரத்திலேயே விளைவதால், சிறு விளைச்சலும் நிகர வருவாயாகிறது.

விற்பனையும் பருவத் தேர்வைப் பாதிக்கிறது. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 விழுக்காடு. மழையில் அறுக்கப்படும் குறுவை நெல் இவ்வரம்பைத் தாண்டுவதால், ஏறக்குறைய ஆண்டுதோறும் தளர்வு கோரப்படுகிறது.

குறுவையைக் கைவிடும் உழவர் செலவைத் தவிர்க்கிறார். அந்த நடவையும் அறுவடையையும் நம்பியிருக்கும் நிலமற்ற தொழிலாளிக்கு அத்தகைய தெரிவு இல்லை. ஒரு பருவத்தின் கூலியே போய்விடுகிறது. எனவே அணை திறப்பு நாளைப் பற்றிய கேள்வி, நிலம் உள்ளோர், இல்லாதோர் இருவரின் வாழ்வையும் வெவ்வேறு அளவில் தொடுகிறது.