பச்சைக் கல்லும் பட்டை தீட்டிய கையும்

தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தபோது, கூட்டம் அதிகம் மொய்த்துக்கொண்டிருந்த இடம் ஒரு கோஸ் முன்னால்தான். கல்லில் செய்த சீனக் கோஸ். உயரம் 18.7 செ.மீ.; கைக்குள் அடங்கிவிடும். தண்டு வெள்ளை, இலை பச்சை. இலையின் மேல் இரண்டு வெட்டுக்கிளிகள். சாயம் பூசவில்லை, கல்லே பாதி வெள்ளையாகவும் பாதி பச்சையாகவும் இருந்திருக்கிறது. அதில் கோஸை ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவுதான். சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் குவாங்ஷு பேரரசரின் துணைவியரில் ஒருவரான ஜின் வாழ்ந்த மாளிகையில் இருந்த பொருள், அவருடைய சீதனமாக வந்திருக்கலாம் என்கிறார்கள்.

கீரனூர் திரும்பியதும் அத்தையிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். இதுவரை நான் காட்டியவர்கள் எல்லாரும் "என்ன விலை இருக்கும்?" என்றுதான் கேட்டார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத எப்புடி அறுத்தாக தம்பி? எலைக்கு உள்ளாற பாரு, எவ்வளவு குறுகல். அங்கன எப்புடிக் கை போச்சு?"

அந்தக் கேள்வி அத்தைக்குத்தான் வரும். இருபது வருடங்களுக்கு மேல் கல் பட்டை தீட்டியவர். உலையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல்லைத் துண்டாக்கி, குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் சாணையில் அழுத்தித் தீட்டும் வேலை. ஒரு கை சக்கரத்தைச் சுற்றும், இன்னொரு கை குச்சியைப் பிடிக்கும். திருச்சி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் திண்ணைக்குத் திண்ணை கேட்ட சத்தம் அது. மூக்குத்தியிலும் தோட்டிலும் மின்னிய கல் பலதும் இப்படி யாரோ ஒரு அத்தையின் கையில் உருண்டு வந்ததுதான்.

அத்தைக்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஜேட் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஜேட் என்ற பெயரில் இரண்டு வேறு கற்கள் இருக்கின்றன. ஒன்று நெஃப்ரைட். சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் போற்றியது இதைத்தான். மற்றொன்று ஜேடைட். இது பர்மாவிலிருந்து, பெருமளவில் 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு சீனாவுக்குப் போனது. தைபே கோஸ் இந்த வகை. நெஃப்ரைட்டின் உள்ளே நுண்ணிய இழைகள் கோரைப்பாய் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் அது எளிதில் உடையாது. உளி வைத்துச் செதுக்கவும் முடியாது. நம்மூர்ச் சிற்பி கருங்கல்லைக் கொத்துவது போல ஜேட்டைக் கொத்துவது நடக்காத காரியம். கல்லைவிடக் கடினமான மணலைத் தண்ணீரில் குழைத்து, அதை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும். கல்லை அறுப்பது மணல். கருவி அந்த மணலை இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவே. நாம் 'ஜேட் சிற்பம்' என்கிறோம். சரியாகச் சொன்னால் அது சந்தனக்கட்டை போல அரைத்து எடுத்தது.

இன்றைய ஹாங்சோ நகருக்கு அருகே, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியாங்ஜு மக்களிடம் இரும்பு கிடையாது. ஆனாலும் வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையுமாக ஜேட்டில் குழல்கள் செய்து, அவற்றின் மேல் மயிரிழைக் கோடுகளில் முகங்கள் வரைந்து, பெரியவர்களின் கல்லறைகளில் வைத்தார்கள். 2019இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம வேலதான்னு சொல்லு. பொடி போட்டுத் தேய்க்கிறது. நமக்குச் சக்கரம் வேகமாச் சுத்தும், அவுகளுக்கு மெதுவா" என்றார்.

சீனர்கள் இந்தக் கல்லை நம்பிய அளவு ஆச்சரியமானது. 1968இல் மான்செங்கில் லியு ஷெங் என்ற ஹான் இளவரசரின் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 113இல் இறந்தவர். 2,498 ஜேட் துண்டுகளைப் பொற்கம்பியால் தைத்த உடை அவருக்கு. ஜேட் உடலை அழியாமல் காக்கும் என்பது நம்பிக்கை. உடல் மண்ணாகிவிட்டது, உடை இருக்கிறது.

ஹான் ஃபெய் நூலில் ஒரு கதை உண்டு. பியான் ஹெ என்பவன் மலையில் கிடைத்த கல்லைச் சூ நாட்டு அரசனிடம் கொண்டுபோகிறான். அரண்மனைக் கைவினைஞன் அது வெறும் கல் என்கிறான். ஏமாற்றுக்காரன் என்று இடது காலை வெட்டுகிறார்கள். அடுத்த அரசனிடம் போகிறான். வலது கால் போகிறது. மூன்றாவது அரசன் கல்லைத் தீட்டிப் பார்க்கச் சொல்கிறான். உள்ளே ஒப்பற்ற ஜேட். தன் கால்களுக்காக அழவில்லை, மணியைக் கல் என்றும் உண்மையானவனைப் பொய்யன் என்றும் சொன்னதற்காகவே அழுதேன் என்கிறான் பியான் ஹெ.

எனக்கு உடனே கோவலன் ஞாபகம் வந்தான். அங்கேயும் அரண்மனைப் பொற்கொல்லன் சொல், விசாரிக்காத அரசன், உள்ளே இருக்கும் பரல் எது என்று உடைத்துப் பார்த்த பிறகே தெரியவரும் உண்மை. ஆனால் அங்கே தாமதமாகிவிட்டது. மதுரைக்கு வழி சொல்லும்போது சிலப்பதிகாரம் குறிப்பிடும் கொடும்பை, நம் மாவட்டத்துக் கொடும்பாளூர். அந்தச் சிலம்பு இந்தப் பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும்.

பிற்காலத்தில் கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்று ஒரு வணிகக் குழு கல்வெட்டுகளில் வருகிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் மணிக்கிராமத்தைச் சொல்கிறது. கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் தெரியும் நார்த்தாமலை, நகரத்தார் மலை என்பதன் திரிபு என்பார்கள். அங்கே பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் குடைவரைக்குப் பதினெண்பூமி விண்ணகரம் என்று பெயர். பதினெட்டு நாடுகளில் வணிகம் செய்தவர்களின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் சோங் அரசவைக்குப் போனார்கள். 1077இல் போன 72 பேர் 81,800 சரம் செப்புக்காசுகளோடு திரும்பினார்கள். தஞ்சைப் பகுதியில் சீனக் காசுப் புதையல்களும், பெரியபட்டினம் கரையில் பச்சை மெருகேற்றிய சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பச்சை மெருகை ஜேட் சாயலுக்காகவே சீனர்கள் போற்றினார்கள். ஜேட்டின் நிழல் நம் கரைவரை வந்தது. ஜேட் மட்டும் நம் நவரத்தின வரிசையில் ஏறவேயில்லை.

வடக்கே கதை வேறு. முகலாயர் அவையில் ஜேட் வேலை உச்சத்துக்குப் போனது. 1657இல் ஷாஜகானுக்குச் செய்த வெள்ளை ஜேட் மதுக்கிண்ணம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடி ஆட்டின் தலையாக வளைகிறது. இத்தகைய இந்திய ஜேட் பொருள்கள் சீனப் பேரரசர் சியன்லாங்கிடம் போனபோது, அவற்றின் மெல்லிய சுவர்களைக் கண்டு வியந்து அவர் கவிதைகள் எழுதினார், தன் பொருள்கள் மீதே அவற்றைப் பொறிக்கவும் செய்தார். அந்தப் பாணியில் சீனக் கைவினைஞர்களும் செய்து பார்த்தார்கள். ஜேட்டின் சொந்த ஊரே நம் நாட்டுக் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு காலம் இருந்திருக்கிறது.

இன்று நிலைமை தலைகீழ். சீனாவில் குவாங்சி மாகாணத்தின் வூஜோ நகரம் செயற்கைக் கற்களின் தலைநகரம். இயந்திரம் தீட்டிய கல் மலிவாகவும் ஒரே அளவிலும் வரத் தொடங்கியதும் இங்கே பட்டறைகள் அடங்கின. "ஒரு நா வியாபாரி வந்து, இனிமே கல் வேணாம்மானு சொல்லிட்டுப் போனாரு. கோவிச்சுக்க என்ன இருக்கு? அவரு கொண்டுவந்த சீனாக் கல்ல நானே பாத்தேன். பட்ட ஒன்னும் பெசகல" என்றார் அத்தை.

தைபேயில் இருக்கும் பொருள்களுக்கும் ஒரு அலைச்சல் உண்டு. ஜப்பானியப் படை நெருங்குகிறது என்று 1933இல் பெய்ஜிங்கிலிருந்து பெட்டிகளில் கட்டிக் கிளப்பினார்கள். போர் முழுக்க ஊர் ஊராக மறைத்து வைத்தார்கள். உள்நாட்டுப் போரின் முடிவில் அவற்றில் ஒரு பகுதி கடல் தாண்டித் தைவான் சேர்ந்தது. ஒரு தேசமே கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

ஆனால் கோஸைத் தீட்டியவர் யார் என்று காட்சிப் பெட்டியின் குறிப்பில் இல்லை. மிங் காலத்துச் சூஜோ நகரின் லு ஜிகாங் போலப் பெயர் தெரிந்த ஜேட் கைவினைஞர்கள் மிகச் சிலரே. அத்தையும் அதைத்தான் கடைசியில் கேட்டார்: "செஞ்சவரு பேரு போட்டிருக்காகளா?"

"இல்ல அத்தை."

"நாங்களும் போடலயே" என்று சிரித்தார்.

அவருடைய சாணைச் சக்கரம் இப்போது பரணில், பழைய அண்டாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் 1910இலிருந்து இருக்கிறது. அங்கே இதையும் வாங்கி வைப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"வெறும் சக்கரத்த வச்சு என்ன பண்றது? எப்புடிப் புடிக்கணும்னு சொல்ல ஆளு வேணாமா? மொதல்ல நீ ஒக்காரு, காட்டுறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தை இறக்கலாம் என்றிருக்கிறோம்.