இதயக் கதவின் வரலாறு

நான் கயத்தாற்றில் ஆசிரியப் பணியேற்ற புதிதில், 1986-ஆம் ஆண்டில், என் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் படிகளில் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த மூட்டுவாதக் காய்ச்சல் அவளுடைய இதயத்தின் கதவொன்றைச் சிதைத்திருந்தது. செயற்கைக் கதவு, அதாவது வால்வு, அந்நாளில் அயல்நாட்டிலிருந்தே வரவேண்டும். அதன் விலை அவள் தந்தைக்கு எட்டாக்கனி. மறு ஆண்டே அவள் மறைந்தாள். அவளை நினைந்தே இவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் திறந்து மூடும் பொருள் தேயலாகாது. குருதியில் கிடந்து தன் இயல்பும் மாறலாகாது. 1960-இல் அமெரிக்காவில் ஸ்டார், எட்வர்ட்ஸ் இருவரும் அமைத்த வால்வில், சிலிக்கோன் ரப்பர் உருண்டையொன்று கூண்டுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்தது. பலர் பிழைத்தனர். ஆயினும் சிலரிடத்தில் அவ்வுருண்டை குருதியின் கொழுப்பை உறிஞ்சிப் பருத்து, மஞ்சளித்து, வெடித்தது. பின்னர் வந்த டெல்ரின் வில்லையோ, நீராவியில் தூய்மை செய்கையில் ஈரமேறி உப்பியது. கடற்காற்றில் இரும்பு படும் பாட்டை அறிந்த தூத்துக்குடிச் சீமையார்க்கு இது வியப்பாயிராது.

திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டு வால்வுக்கான முயற்சி நடந்தது. மூன்று அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. செயற்கை நீலமணிக் கல்லாலான வில்லையைக்கூட முயன்று பார்த்தார்கள். கடினமான பொருளே நிலைக்கும் என்று நாம் எண்ணுகிறோம், அது பொய்த்தது. இறுதியில் கைகொடுத்தது பாலிஎத்திலீன்! கடைக்காரர் தரும் பையின் இனந்தான். ஆனால் இதன் மூலக்கூற்றுச் சங்கிலி மிக மிக நீளமானது. மூலக்கூறு எடை பல பத்து லட்சம். கரியும் ஹைட்ரஜனுமன்றி வேறொன்றும் அதில் இல்லை. ஆதலால் நீரை ஏற்பதில்லை, நீரால் சிதைவதுமில்லை. கோபால்ட் கலப்புலோகக் கூட்டில் அவ்வில்லை சாய்ந்து திறக்கும். இதயத்தோடு வைத்துத் தைக்கும் வளையம் பாலியெஸ்டர் துணி.

ஆடுகளில் சோதித்தபின், 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக அது மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னை டி.டி.கே. குழுமம் அதனை உற்பத்தி செய்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. குறையே இல்லையென்று சொல்லேன்: குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டும், அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி குருதிச் சோதனையும் வேண்டும்.

கயத்தாற்றிலிருந்து திருவனந்தபுரம் சில மணி நேரப் பயணந்தான். அச்சிறுமி மறைந்து மூன்றாண்டுகள் கழித்து அந்த வால்வு வந்தது.