ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீரும் ஒரு நாள் கூலியும்

"கர்ப்பத்துல சர்க்கரையா? அது வசதியானவங்களுக்கு வர்றதுதானே?" காலனிகளில் வேலை செய்யும் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. யாரைச் சோதித்தார்களோ அவர்களிடம்தான் நோய் இருப்பது தெரிந்தது. சோதிக்கப்படாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

1922-ல் இன்சுலின் மருந்தாக வருவதற்கு முன், சர்க்கரை நோயுள்ள பெண் கருவுறுவதே அரிது. கருவுற்றாலும் தாயோ சேயோ பிழைப்பது நிச்சயமில்லை. இன்சுலின் வந்தபின் தாய்மார்கள் பிழைத்தார்கள், ஆனால் குழந்தைகள் தொடர்ந்து இறந்தன. கர்ப்பத்தின்போது மட்டும் சர்க்கரை கூடும் பெண்களைக் கண்டறிய 1964-ல் ஓசல்லிவனும் மாஹனும் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். பாஸ்டன் நகரில் 752 பெண்களைச் சோதித்து உருவானது அது. வெறும் வயிற்றோடு வர வேண்டும், மூன்று மணி நேரத்தில் நான்கு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருமா என்று கணிப்பதே அதன் நோக்கம். குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை வைத்து அது வகுக்கப்படவில்லை.

குழந்தையின் கதை 2008-ல்தான் தெளிவானது. ஒன்பது நாடுகளில் சுமார் 23,000 கர்ப்பிணிகளிடம் நடந்த 'ஹாப்போ' ஆய்வு, தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தைக்கான ஆபத்தும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. அந்த ஒன்பதில் இந்தியா இல்லை.

ஆபத்து வரும் வழி இதுதான். தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையே அதிக இன்சுலின் சுரந்து, அளவுக்கு மீறிப் பருக்கும். பிரசவத்தில் தோள் சிக்கலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோக, இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தையின் சர்க்கரை சட்டென இறங்கும். தாய்க்கு ரத்த அழுத்தம் கூடும் ஆபத்து, பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து இரண்டும் உண்டு. பெரும்பாலும் அறிகுறியே தெரியாது என்பதுதான் மோசம்.

தமிழ்நாட்டில் 2005 முதல் 2007 வரை மருத்துவர் வீ. சேஷையா குழுவினர் சுமார் 12,000 கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம். கிராமத்திலும் பத்தில் ஒருவர்! 'வசதியானவர்கள் நோய்' என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

அவர்கள் முன்வைத்த முறை எளிது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிகிச்சை. "வெறும் வயிற்றோடு நாளைக்கு வா" என்றால் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இன்னொரு நாள் கூலி போகும், அதனால் பலர் திரும்பி வருவதில்லை. இந்தச் சோதனை சிலரைத் தவறவிடுகிறது என்ற விமர்சனம் ஆய்வாளர்களிடையே உண்டு. ஆனாலும் 2014-ல் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் இதையே ஏற்றது.

சோதனை பாதிதான். உணவு, நடை, தேவைப்பட்டால் மாத்திரை அல்லது இன்சுலின் என்பது சிகிச்சை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் அரிசிச் சோற்றை வைத்தே மூன்று வேளையும் ஓட்டும் வீட்டில் "சோற்றைக் குறை, பயறும் காயும் முட்டையும் சேர்" என்றால், அதை யார் வாங்கித் தருவது?

இந்தக் கேள்வியின் வேரை அம்பேத்கர் 1928-லேயே தொட்டார். பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்தபோது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது, ஆலைப் பெண்களுக்கு. 1961-ன் பேறுகாலப் பயன் சட்டமும் வயல் கூலிப் பெண்ணை எட்டவில்லை. அந்த வயலில் நிற்பவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு கர்ப்பிணி இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் பரிசோதனையிலேயே குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்களா? 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி சோதித்தார்களா? சர்க்கரை இருந்தவர் என்றால், பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் பார்த்தார்களா? 'இல்லை' என்று பதில் வந்தால் அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சலுகை கேட்கப் போகவில்லை, உரிமையைக் கேட்கப் போகிறோம்.